அஞ்சு ரூபாய் டிராக்டர்

“சரசு... எழுவதாயிரம் ரூவா அனுப்பு. சீக்கிரமா அனுப்பு.”

மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஃபோனை எடுத்துவிட்டேன். ஈரக் கையில் ஃபோன் வழுக்கியது. ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல் வைத்தேன்.

குரல் என் வீட்டுக்காரருடையதுதான். முப்பது வருடமாகக் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? ஆனால் வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல் குழறியது. வந்த நம்பர் அவருடையது இல்லை.

“ஏனுங்க, என்னாச்சுங்க? எங்கிருக்கறீங்க?” என்று கேட்டேன்.

யாரோ ஓர் ஆள் ஃபோனை வாங்கி இந்தியில் பேசினார். லாரிக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டால் பிழைப்புக்கு வேண்டிய அளவு இந்தி வந்துவிடும். வண்டி சாலை நடுவிலிருந்த சுவரில் மோதிவிட்டதாம். வலது கால் இடிபாட்டில் நசுங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷனாம். பணத்தை இதே ஃபோன் நம்பருக்கு அனுப்ப வேண்டுமாம்.

கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் என் தம்பி தங்கராசு அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தான். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஃபோனைப் பார்த்தேன்.

எங்கள் சொந்த லாரிக்கு டயர் மாற்றுவதற்கென்று வைத்திருந்த பணம் என் கணக்கில் இருந்தது. விரலால் நாலு தட்டுத் தட்டினால் போய்விடும். ஆனால் என் கை எழவில்லை. காரணம் அவர் சொன்ன ஒரு வார்த்தை. அவர் ‘ரூவா’ என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை வந்தால் பணம் போகக் கூடாது. அது அவரே போட்ட சட்டம்.

பெண் பார்க்க வந்த டிராக்டர்

இந்தச் சட்டம் புரிய வேண்டுமென்றால் எங்கள் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் சொல்லத் தெரியாத பிறவி நான் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

எங்கள் அய்யன் நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் போட்ட விவசாயி. மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் ஒரு டிராக்டர் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். இவரோ யாரோ ஒருவருடைய லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு சைக்கிள் இருந்தது. அதற்கும் செயின் அடிக்கடி கழன்றுவிடும்.

பெண் பார்க்க வந்த அன்று அய்யன் நேரடியாகவே கேட்டுவிட்டார். “மாப்பளகிட்ட டிராக்டர் இருக்குதுங்களா?”

தரகர் தொண்டையைக் கனைத்தார். இவர் சட்டைப்பையில் கைவிட்டு ஓர் அஞ்சு ரூபாய்த் தாளை எடுத்தார். திருப்பி அய்யன் முன்னால் நீட்டினார். அந்தக் காலத்து அஞ்சு ரூபாய்த் தாளின் பின்பக்கம் ஒரு விவசாயி டிராக்டர் ஓட்டுவார், பார்த்திருப்பீர்கள்.

“இருக்குதுங்க மாமா. இப்போதைக்கு இதுதானுங்க.”

அய்யனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் வந்துவிட்டது. கல்யாணமான மறுநாள் அந்தத் தாளை என் கையில் கொடுத்து, “உங்கய்யன் கேட்ட டிராக்டரு. பத்தரமா வெச்சுக்க” என்றார். தங்கராசு அப்போது ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது தெரியாது. அய்யனும் மாப்பிள்ளை பகடி பண்ணினதை வெளியே சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. தரகர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது.

முன்னால் தாத்தா, பின்னால் ஊர்

டிராக்டரில் ஆரம்பித்தவர் அதோடு விடவில்லை. நோட்டுக்குப் பேர் வைப்பது அவருக்கு வெற்றிலை போடுகிற மாதிரி ஆகிவிட்டது.

“முன்னால பாத்தா எல்லாத்துலயும் தாத்தாதான் சிரிக்கறாரு. பின்னால திருப்புனாத்தான் எந்த ஊரு, என்ன சங்கதின்னு தெரியும்” என்பார்.

புது நோட்டுகள் வந்தபோது அவருக்கு ஒரே கொண்டாட்டம். பத்து ரூபாய்க்குப் பின்னால் கோயில் தேர்ச்சக்கரம் இருக்கிறது. லாரிக்காரர் கண்ணுக்கு அது ‘டயர்’. ஐம்பதில் கல்தேர் இருப்பதால் ‘தேரு’. நூறில் படி வைத்த பெரிய கிணறு ஒன்று இருக்கிறது. அது ‘கெணறு’. இருநூறு மட்டும் விதிவிலக்கு. நாமகிரிப்பேட்டை மஞ்சளை அரைத்துப் பூசினது போல அந்த நிறம் இருந்தால் பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள்? அது ‘மஞ்சள்’. ஐந்நூறு ‘கோட்டை’.

இரண்டாயிரத்துக்கு ‘ராக்கெட்’ என்று வைத்தார். அது வந்த வேகத்தில் கிளம்பிப் போய்விட்டது. “பேரு வெச்ச நேரஞ் செரியில்ல” என்று நாலு நாள் வருத்தப்பட்டார்.

இது விளையாட்டு மட்டும் இல்லை. லாரித் தொழிலில் பணத்தை வாய்விட்டுச் சொல்லப் பயம். டீக்கடையில், டாபாவில், லோடு இறக்குகிற இடத்தில் யார் காது எப்படிப்பட்டதென்று தெரியாது. ‘ஒரு லட்சம் வைத்திருக்கிறேன்’ என்று ஃபோனில் சொல்லிவிட்டு அன்றிரவு வண்டியில் படுத்துத் தூங்க முடியுமா? அதனால் ஒவ்வொரு டிரைவரும் ஒரு பேர் வைத்துக்கொள்வார். பம்பாய்ப் பக்கம் போய்வருகிறவர்கள் லட்சத்தைப் ‘பெட்டி’ என்பார்கள். நோட்டைப் பெட்டியில் அடுக்கிக் கைமாற்றிய நாளில் வந்த பேராம் அது. நம் ஊர் வியாபாரிகள் சிலர் லட்சத்தையே ‘ஒரு ரூவா’ என்று சொல்வதைக் கேட்டுப் பதறியிருக்கிறேன்.

ஊருக்குப் பொதுவான பேர்களும் உண்டு. மடிப்புக் கலையாத புதுத் தாளை ‘சலவை நோட்டு’ என்கிறோம். வெளுத்துத் தேய்த்து வந்த வேட்டியைப் போல அது மொடமொடவென்று இருப்பதால் அந்தப் பேர். ‘துட்டு’ என்பது கப்பலில் வந்த டச்சுக்காரர்களின் செப்புக் காசுப் பேர் என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். காசுக்கு வந்த பேர் காகிதத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ‘பச்சை நோட்டு’ என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எந்த நோட்டு அது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

வாத்தியார் இதையெல்லாம் சொன்னபோது நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் தெரிந்தால் கால் பிழைக்கும், தெரியாவிட்டால் போய்விடும் என்று ஒரு நாள் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சட்டம் வந்த கதை

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு டிரைவர் வீடு. அந்த அம்மாவுக்கு ஒரு நாள் ஃபோன் வந்தது. உங்கள் புருஷனுக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்கள் என்று சொன்னார்கள். பின்னால் அழுகிற சத்தம்கூடக் கேட்டதாம். அந்த அம்மா நகையை வைத்துப் பணம் புரட்டி அனுப்பினார். அனுப்பி முடித்த கொஞ்ச நேரத்தில் அந்த டிரைவரே ஃபோன் பண்ணி, “கிருஷ்ணகிரி தாண்டிட்டேன், சோத்துக்கு வந்துருவேன்” என்றாராம்.

அதைக் கேட்ட அன்றே இவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

“இங்க பாரு சரசு. எவம் பேசுனாலும் செரி, என்ற கொரல்லயே பேசுனாலும் செரி, நம்ம பேரு வரோணும். கோட்டை, கெணறு, மஞ்சளுன்னு வந்தா அனுப்பு. ரூவான்னு வந்தா அனுப்பாத.”

“நீங்களே மறந்துட்டுச் சொல்லிட்டீங்கன்னா?”

“மறக்க மாட்டேன். ரூவான்னு சொன்னேன்னா எவனோ கழுத்துல கத்திய வெச்சுட்டுச் சொல்லச் சொல்றான்னு அர்த்தம். அப்பவும் அனுப்பாத. போலீசுக்குச் சொல்லு.”

சட்டத்தில் அஞ்சு ரூபாய் வரவில்லை. தாளாக அது கைக்கு வந்தே எத்தனையோ வருடமாகிவிட்டது. எல்லாம் நாணயம்.

இவர் கிளம்பிப் போன பிறகு எனக்குத் துணை டோல்கேட் மெசேஜ்தான். வண்டி ஒவ்வொரு டோலைத் தாண்டும்போதும் பணம் கழிந்த செய்தி என் ஃபோனுக்கு வரும். ‘டிங்’. ஓமலூர். ‘டிங்’. கிருஷ்ணகிரி. கர்நாடகம் தாண்டினால் பாதி ஊர்ப் பேர் என் வாயில் நுழையாது, ஆனால் டிங் கேட்டால் போதும். மெசேஜ் தாமதமானால் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் நடப்பேன். கவலைப்படுவதில் எனக்குப் பட்டமே கொடுக்கலாம் என்று தங்கராசு கேலி செய்வான்.

அந்த ஃபோன் வந்த அன்று காலை காப்பி குடிக்கும்போது சோலாப்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு டிங் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கட் பண்ணுக்கா

மேடை மேல் ஃபோன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. நான் அந்த இந்திக்காரரிடம், அவரைப் பேசச் சொல்லுங்கள் என்றேன்.

“ஏனுங்க, அய்நூறுக்கு நாம என்ன சொல்லுவோம்?”

மூச்சு வாங்குகிற சத்தம். “அய்நூறு... அய்நூறுதான்...”

“நூறுக்கு?”

“தெரியில சரசு. பணத்த அனுப்பு.”

தங்கராசு ஃபோனைக் கையால் மூடினான். “அக்கா, கட் பண்ணுக்கா. இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல கொரலையே செய்யறானுக. ரெண்டு வார்த்த பேசுன ஆடியோ கெடைச்சாப் போதும். மாமா பேரு வெச்சது மாமாவுக்கே தெரியிலயாமா?”

கட் பண்ணிவிட்டான்.

இவருடைய சொந்த நம்பருக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே பொம்பளைக் குரல். ஜவ்வரிசி லோடு ஏற்றிவிட்ட சேலம் புக்கிங் ஆபீசுக்குப் போட்டேன். நேற்று பேசினார், இன்னும் வண்டி போய்ச் சேரவில்லை என்றார்கள். இப்போதெல்லாம் கிளீனர் கிடைப்பதில்லை, தனியாகத்தான் போயிருந்தார். கேட்பதற்கு வேறு ஆள் கிடையாது.

டோல் மெசேஜைத் திறந்து பார்த்தேன். வண்டி எங்கேயோ நின்றுவிட்டது, அது மட்டும் நிச்சயம். எதனால் நின்றது என்று மெசேஜ் சொல்லாது.

உட்கார்ந்தேன். எழுந்தேன். தேங்காய்ப்பால் கை காய்ந்து பிசுபிசுத்தது, அதைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. ஏமாற்றுக்காரன் என்றால் பணம் போகும், அவர் சோலாப்பூரில் டீ குடித்துக்கொண்டிருப்பார். கத்தி வைத்திருக்கிறார்கள் என்றால், பணம் அனுப்பினாலும் விடுவார்களா? இரண்டும் இல்லை, உண்மையிலேயே அவர்தான் என்றால்? ஒரு டிரைவருக்குக் கால் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? அவர் போட்ட சட்டமே அவர் காலை வெட்டிவிடும் போலிருந்தது. எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பேர் வைக்கிறேன் பேர் வைக்கிறேன் என்று என்ன வேலை செய்து வைத்திருக்கிறீர்கள் என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

“கம்முனு இருக்கா. லாரி சங்கத்துல சொல்லி அந்த ரோட்டுல நம்மூரு வண்டி எதாச்சும் ஓடுதான்னு பாக்கச் சொல்றேன்” என்று தங்கராசு வாசலுக்குப் போய் ஃபோன் பேச ஆரம்பித்தான்.

அதற்குள் அந்த நம்பரே மறுபடியும் வந்தது. இந்திக்காரர் இந்த முறை சத்தம் போட்டார். பாதத்தில் நிறம் மாறிக்கொண்டு வருகிறதாம், டாக்டர் காத்திருக்கிறாராம், நீங்கள் என்ன பெண்பிள்ளை என்று கேட்டார். திட்டுகிறவன் நல்லவனா? ஏமாற்றுகிறவனும் திட்டுவானே.

“தலையில அடிபட்டிருக்குதா?” என்று கேட்டேன்.

ஆமாம், நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, இன்று என்ன கிழமை என்றுகூட அவருக்குத் தெரியவில்லை என்றார்.

என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறியது ஞாபகம் வந்தது. காலையில் சாப்பிட்டது தெரியாது. ஆனால் தான் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையின் கரை நிறத்தைச் சொல்வார். புதிசு முதலில் உதிரும், பழசு கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். கோட்டையும் கெணறும் நேற்று வந்தவை.

“அவர்கிட்டக் குடுங்க. ஒரே ஒரு தடவ” என்றேன்.

அஞ்சுக்கு?

“ஏனுங்க, நான் சரசு பேசறேன். அஞ்சுக்கு என்னங்க பேரு?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏதோ தள்ளுவண்டி உருளுகிற சத்தம். யாரோ இருமினார்கள். என் காது வலிக்கிற அளவுக்கு ஃபோனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

“அஞ்சுங்க. அஞ்சு ரூவாத் தாளு. அதுக்கு என்ன பேரு வெச்சீங்க?”

“அஞ்சுக்கு...”

“ஆமாங்க. சொல்லுங்க சாமி.”

“டிராக்டரு” என்றார். அப்புறம் இழுத்து இழுத்து, “உங்கய்யன் கேட்டது... எங்க, பத்தரமா வெச்சிருக்கறயா?”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே பணத்தை அனுப்பினேன். கண்ணீரில் எண்கள் தெரியவில்லை. இரண்டு தடவை பாஸ்வேர்டு தப்பாகிவிட்டது, மூன்றாவது தடவைதான் போனது. வாசலிலிருந்து ஓடி வந்த தங்கராசு, “என்னக்கா பண்றே, பைத்தியமா?” என்று கத்தினான்.

“அவருதாண்டா” என்றேன்.

“எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

பணம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையான நரகம். பணம் அனுப்பிய அந்த நம்பர் கிடைக்கவே இல்லை. நான் போட்டேன், தங்கராசு போட்டான், அதுவும் ஸ்விட்ச் ஆஃப். தங்கராசு என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். அதுவே என்னைக் கொன்றது. ஒருவேளை அய்யன் யாரிடமாவது அந்தக் கதையைச் சொல்லியிருப்பாரோ? இவரே டாபாவில் சொல்லிச் சிரித்திருப்பாரோ? மதியச் சாப்பாடு அடுப்பிலேயே ஆறிப்போனது. வாசலில் வெயில் சாய்ந்து படியை விட்டு இறங்குகிற நேரத்தில் அந்த ஆள் கூப்பிட்டார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, கால் இருக்கிறது என்றார். ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அவர் சாலையோரம் டாபா வைத்திருக்கிறவர். நொறுங்கிய வண்டியிலிருந்து இவரை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, ஊர் பேர் தெரியாத ஆளுக்காகக் காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். நான் அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அனுப்பினே?

நானும் தங்கராசும் ரயில் பிடித்து மறுநாள் போய்ச் சேர்ந்தோம். கால் முழுக்கக் கட்டு, நெற்றியில் கட்டு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஆனால் ஃபோனில் பேசியது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. நான் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று தலையைத் தூக்கினார்.

“நானா ரூவான்னு சொன்னேன்?”

“ஆமாங்க.”

“அப்பறம் எப்படி அனுப்புனே? எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? வேற எவனாச்சும் இருந்திருந்தா எழுவதாயிரமும் போயிருக்குமே! ஒரு சொல்லக் காப்பாத்த மாட்டியா நீயி?”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் ஓடி வந்தார். வாழ்க்கையில் அவர் என்னைத் திட்டியதிலேயே அவ்வளவு இனிப்பாக ஒரு திட்டு நான் வாங்கியதில்லை.

“அஞ்சுக்கு என்ன பேருன்னு கேட்டேனுங்க” என்றேன்.

“என்ன சொன்னேன்?”

“டிராக்டருன்னீங்க.”

தூக்கிய தலையைத் தலையணையில் சாய்த்தார்.

“உங்கய்யன் கேட்டதுன்னுமா சொன்னேன்?”

“அதையுந்தான் சொன்னீங்க. பத்தரமா இருக்குதான்னுங் கேட்டீங்க.”

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தங்கராசு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, “இனிமேப்பட்டு கேள்வி அதுதான். ஒருத்தருகிட்டயும் சொல்லிப்புடாத” என்றார்.

இவ்வளவு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. கால் பிழைத்தது, ஆனால் பிரேக்கை மிதிக்கிற பலம் அதற்குத் திரும்பவில்லை. வண்டியை விற்றுவிட்டோம். ஃபோன் டிங் என்றால் இப்போதும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. பெரும்பாலும் அது ஏதாவது துணிக்கடை விளம்பரமாக இருக்கிறது.

போன வாரம் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது அவரிடம் கேட்டேன். “ஏனுங்க, டிராக்டர் கதைய எழுதட்டுங்களா? ஊருக்கே தெரிஞ்சு போயிருமே?”

கூடத்தில் கட்டில் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்து அதில் லோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய இப்போதைய வேலை.

“எழுதிக்க” என்றார். “இனி நான் எங்கிருந்து ஃபோன் பண்ணப் போறேன்?”